காடையின் எடை

குட்ருன் சிர்னர் எங்கள் குழுவுக்குள் சண்டையோடுதான் நுழைந்தார். "பெட்டியில் 335 கிராம் என்று அச்சடித்திருக்கிறீர்கள். என் தராசு 341.2 காட்டுகிறது. இரண்டில் எது பொய்?" அவர் எழுதிய முதல் வரி இதுதான். வணக்கம் இல்லை, நான் இன்னார் என்ற அறிமுகமும் இல்லை.

எங்கள் குழு என்பது ஒரு குட்டிக் கணினியைச் சுற்றிக் கூடிய எழுநூறு பேர். கோட்டுப் பைக்குள் அடங்கிவிடும் கணினி அது. மடிப்பைத் திறந்தால் மேலே ஐந்து அங்குலத் திரை, கீழே அழுத்தினால் டக்கென்று இறங்கும் நிஜமான கீபோர்டு. நாலு ஸ்க்ரூவைக் கழற்றினால் உள்ளே இருப்பதெல்லாம் தெரியும்; எதையும் நாமே மாற்றலாம். பெரிய நிறுவனம் எதுவும் இப்படி ஒன்றைச் செய்ய முன்வராததால், எக்கெஹார்ட் லூடர்ஸ் என்பவர் காசெல் நகரில் மூடிக் கிடந்த ஒரு சைக்கிள் கடையை எடுத்து, இருநூறு முந்நூறு என்று தவணை தவணையாகச் செய்துகொண்டிருந்தார். கையில் அடங்கும் பறவை என்று அதற்கு ஜெர்மனில் காடையின் பெயரை வைத்தார். நானும் காடை என்றே சொல்கிறேன்.

காடைக்குள் என்ன போடுவது என்பதெல்லாம் இணையத்தில் எங்கள் பேச்சுப் பக்கத்தில் வாக்கெடுப்பில்தான் முடிவாகும். எந்தச் சில்லு, எவ்வளவு நினைவகம், திரை விரலுக்கு மட்டும் பணிய வேண்டுமா, குச்சிக்கும் பணிய வேண்டுமா. ஹெட்போன் ஓட்டை இடப்பக்கமா வலப்பக்கமா என்று பதினோரு வாரம் அடித்துக்கொண்டோம். வலப்பக்கம் ஒன்பது ஓட்டில் ஜெயித்தது. தோற்றவர்கள் இன்னும் அதை மறக்கவில்லை.

அப்படிப்பட்ட இடத்தில் ஒரு பெண்மணி வந்து எது பொய் என்று கேட்டால் எப்படி இருக்கும்? அட்மின் ஹென்னிங் ஓஸ்டர்லோ பாய்ந்து வந்தார். "இது கறிக்கடை இல்ல அம்மா, ஆறு கிராம் குறைஞ்சிடுச்சு, கூடிடுச்சுன்னு கத்தறதுக்கு."

"கறிக்கடையில இப்படி இருந்தா நான் கத்த மாட்டேன். சீல் வெச்சிடுவேன்" என்று பதில் வந்தது.

அதற்குள் லூடர்ஸே வந்துவிட்டார். மேல்மூடிக்கு இரண்டாவது பூச்சுப் பூசியதில் எடை கூடிவிட்டது, பெட்டியில் திருத்த மறந்துவிட்டேன், மன்னிக்கவும் என்று எழுதி, ஒரு மணி நேரத்தில் விற்பனைப் பக்கத்தில் எண்ணை மாற்றினார். வேறு யாராக இருந்தாலும் மனம் குளிர்ந்திருக்கும். குட்ருன் எனக்குப் பின்னாளில் சொன்னார்: "அன்னிக்குத்தான் எனக்கு அந்த ஆள் மேல முதல் சந்தேகம். அவ்வளவு சீக்கிரமா தப்பை ஒத்துக்கறவன், பெரிய தப்பு எதையோ பின்னாடி வெச்சிருப்பான்."

அவருடைய வேலை அப்படி. கெம்னிட்ஸ் வட்டாரத்தில் எடை அளவுகளைச் சோதிக்கும் அரசு ஆய்வாளர். முப்பத்தொரு வருடமாகப் பெட்ரோல் பங்க், கறிக்கடை, உருளைக்கிழங்கு மண்டி, குப்பை லாரி நிறுக்கும் மேடை எல்லாவற்றையும் சோதித்துத் திரிந்தவர். தராசுத் தட்டுக்கு அடியில் ஒட்டியிருந்த காந்தத்தைக் கண்டுபிடித்திருக்கிறார். தன்னைக் கண்டதும் ஒரு கடைக்காரர் காபி கொடுத்தால், காபியை ஏற்காமல் தராசைத் திருப்பிப் பார்ப்பார். அவர் கணவர் ஃபோல்க்மர் டிராம் ஓட்டுபவர். கல்யாணத்தன்று மோதிரத்தைக் கையில் வாங்கியதும் அதை ஒருமுறை தூக்கிப் பார்த்து எடை போட்டாள் என்று அவர் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். குட்ருன் மறுத்ததில்லை.

குளிர்காலத்தில் திறந்த வெளியில் கையுறையோடு நின்று குறிப்பெழுத வேண்டிய வேலை. கண்ணாடித் திரைப் போன்கள் கையுறைக்குப் பணியாது. அதற்காகத்தான் காடையை வாங்கினார். விளையாட்டுக்காகவும் பொழுதுபோக்குக்காகவும் வாங்கிய எங்களுக்கு நடுவில் அதை வைத்து உண்மையாகவே வேலை பார்த்தவர் அவர் ஒருவர்தான். குழுவில் எல்லோரும் எல்லோரையும் நீ என்றுதான் பேசுவோம். அவர் மட்டும் நீங்கள் என்றே எழுதுவார். அது மரியாதை மாதிரித் தெரியாது. விசாரணை மாதிரித் தெரியும். ஹென்னிங் அவருக்குத் தராசு ராணி என்று பட்டம் வைத்தார். அது நிலைத்துவிட்டது.

இரண்டாம் தவணைக் காடைகள் ஒரு இலையுதிர்காலத்தில் வந்தன. ஜனவரிக் குளிரில் புகார்கள் தொடங்கின. பேட்டரி முப்பது சதவீதம் இருக்கிறது என்று திரை சொல்லும். அடுத்த நிமிடம் காடை பொத்தென்று அணைந்துவிடும். முதலில் இரண்டு பேர், பிறகு இருபது பேர். லூடர்ஸ், "மீதியைக் கணக்கிடும் நிரலில் பிழை இருக்கும் போலிருக்கிறது, பார்த்துக்கொண்டிருக்கிறேன்" என்று எழுதினார். ஒரு திருத்தம் வந்தது. இப்போது நாற்பது சதவீதத்திலேயே அணைந்தது.

குட்ருனின் காடை முதல் தவணை. அதற்கு ஒன்றும் இல்லை. ஆனால் அவர் வேலைக்கு இன்னொன்று வேண்டும் என்று இரண்டாம் தவணையிலும் ஒன்று வாங்கியிருந்தார். இரண்டின் பேட்டரியையும் கழற்றினார். ஒரே லேபிள், ஒரே எழுத்து, ஒரே அளவு. தராசில் வைத்தார். பழையது 121 கிராம். புதியது 104.

அதை அவர் உடனே எழுதவில்லை. ஒன்றை வைத்து முடிவு கட்டுவது அவர் வழக்கமில்லை. பக்கத்தில் ஒரு வேண்டுகோள் போட்டார்: எல்லோரும் தங்கள் பேட்டரியைச் சமையலறைத் தராசில் நிறுத்துச் சொல்லுங்கள். முதலில் தராசைச் சோதியுங்கள். ஒரு யூரோ நாணயம் ஏழரை கிராம். பத்து நாணயத்தை வைத்தால் எழுபத்தைந்து காட்ட வேண்டும். காட்டாத தராசின் எண்ணை எனக்கு அனுப்பாதீர்கள்.

நான் நினைத்தேன், ஐந்து பேர் செய்வார்கள் என்று. மூன்று நாளில் நூற்று எண்பது பேர் செய்திருந்தார்கள். ஒருவர் மனைவியின் கேக் தராசில், ஒருவர் தபால் நிலையத்தில் வரிசையில் நின்று, ஒருவர் தேன் விற்கும் மாமாவின் தராசில். நகோயாவில் இருந்த உறுப்பினர், ஜப்பானின் ஒரு யென் நாணயம் சரியாக ஒரு கிராம் என்று சொல்லி, நூறு நாணயத்தை அடுக்கிப் படமெடுத்து அனுப்பினார். நான் மருத்துவமனையில் ரத்த அழுத்தக் கருவிகளைப் பழுது பார்ப்பவன். எங்கள் ஆய்வகத் தராசிலேயே நிறுத்தேன். என்னுடையது 103.8.

எண்கள் இரண்டு குவியலாக விழுந்தன. முதல் தவணைக்காரர்கள் எல்லோரும் 120, 121, 122. இரண்டாம் தவணைக்காரர்கள் எல்லோரும் 103, 104, 105. நடுவில் ஒருவரும் இல்லை.

"லேபிள் ஒண்ணு, சரக்கு வேற. இதுக்கு எங்க ஆபீஸ்ல ஒரே ஒரு வார்த்தைதான் இருக்கு. அதை நான் இங்க எழுதலை" என்று குட்ருன் எழுதினார். அது போதுமானதாக இருந்தது. அன்று மாலைக்குள் பக்கம் பற்றி எரிந்தது. லூடர்ஸ் மட்டமான பேட்டரியைப் போட்டு ஏமாற்றினார் என்றார்கள் பாதிப் பேர். நாற்பது வருடமாகச் சால்டரிங் புகையைக் குடித்தவர் நம்மையா ஏமாற்றுவார் என்றார்கள் மீதிப் பேர். அவர் புதிதாக ஒரு வேன் வாங்கியிருக்கிறார் என்று ஒருவர் எழுதினார். அது அவருடைய அக்காவின் வேன் என்று இன்னொருவர். லூடர்ஸிடமிருந்து ஒரு வார்த்தையும் வரவில்லை.

மறுநாள் காலையில் பார்த்தால் அந்தப் பேச்சு முழுவதையும் காணோம். நூற்று எண்பது எடைகளும் போய்விட்டன. ஹென்னிங் அழித்திருந்தார்.

அழித்தது தீயில் எண்ணெய் ஊற்றியதுபோல் ஆனது. குட்ருன் எல்லா எண்களையும் காகிதத்தில் எழுதி வைத்திருந்தார். காகிதத்தைப் படமெடுத்துத் திரும்பப் போட்டார். அதன் கீழே, "திரு. ஓஸ்டர்லோ, இதை அழிக்கும்படி உங்களுக்கு யார் சொன்னது? பதிலுக்கு உங்களுக்கு என்ன கிடைக்கிறது?" என்று கேட்டார். ஹென்னிங் பதில் சொல்லவில்லை. அட்மின் பொறுப்பிலிருந்து விலகுகிறேன் என்று மட்டும் ஒரு வரி எழுதிவிட்டுப் போனார். குற்றமுள்ளவன்தான் ஓடுவான் என்று குட்ருன் எனக்குத் தனியாக எழுதினார். அந்த நேரத்தில் நானும் அப்படித்தான் நினைத்தேன். அதை இப்போது ஒளிப்பதில் அர்த்தமில்லை.

மார்ச்சில் எங்கள் வருடாந்திரக் கூட்டம். காசெலுக்கு வெளியே ஒரு கிராமத்தில், தீயணைப்புத் தொண்டர்களின் கூடத்தை வாடகைக்கு எடுப்போம். ஆளுக்கொரு பண்டம் கொண்டு வருவோம்: உருளைக்கிழங்கு சாலட் ஐந்து விதம், பிளம் கேக், வெளியே ஒருவர் சாசேஜ் வாட்டுவார். மற்ற வருடங்களில் உள்ளே நுழைந்ததும் யாராவது ஒரு காடையைக் கையில் திணிப்பார்கள். அந்த வருடம் மேஜைகள் தாமாகவே இரண்டு அணியாகப் பிரிந்திருந்தன. ஒரு பக்கத்துக்காரர் சாலட்டை மறுபக்கத்துக்காரர் தொடவில்லை.

குட்ருன் ஃபோல்க்மரோடு வந்தார். கையில் மரப்பெட்டி. அதற்குள் தராசும் வெல்வெட்டில் பதித்த எடைக்கற்களும் இருந்தன. அவரை நேரில் பார்ப்பது எங்களுக்கு அதுதான் முதல் தடவை. நெட்டையாக இருப்பார் என்று ஏனோ நினைத்திருந்தோம். என் தோளுக்குத்தான் வந்தார்.

லூடர்ஸ் கடைசியாக வந்தார். ஐந்து கிலோ இளைத்திருந்தார். அவருக்குப் பின்னால் ஹென்னிங், ஒரு அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு.

"பாருங்க, ரெண்டு பேரும் ஒண்ணாவே வராங்க" என்றார் குட்ருன், எனக்குக் கேட்கும்படி. ஃபோல்க்மர், "ஒரே ரயில்ல வந்திருப்பாங்க குட்ருன்" என்றார். "ஆமாமா, ரயில்" என்றார் அவர்.

யாரும் வரவேற்புரை சொல்லவில்லை. குட்ருன் நேராக மேஜையில் தராசை வைத்து, மட்டம் பார்த்து, கல்லை வைத்துச் சரிபார்த்து, பேட்டரிகளை ஒவ்வொன்றாக நிறுத்தார். 121. 104. 104. 120. 103. 

"திரு. லூடர்ஸ், பதினேழு கிராம் எங்க போச்சு?"

லூடர்ஸ் கைகளைத் தொடையில் துடைத்துக்கொண்டார். "எனக்குத் தெரியாது."

"தெரியாதா, சொல்ல மாட்டீங்களா?"

"தெரியாதுன்னு சொல்றேன்ல! ஒரே ஆளுகிட்டதான் வாங்கினேன். அதே ஆர்டர் நம்பர்."

"திறந்து பாக்கலியா? ரெண்டு மாசமா ஊரே கத்துது, ஒரு பேட்டரியைக்கூடத் திறந்து பாக்கலியா நீங்க?"

லூடர்ஸ் தராசில் இருந்த பேட்டரியைப் பார்த்தார். "பயமா இருந்துச்சு" என்றார். "உள்ள என்ன இருக்கும்னு எனக்கு ஒரு யூகம் இருந்துச்சு. திறந்தா அது உண்மையாயிடும். இந்தக் கடையும் போயிடும்."

சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். குட்ருன் குனியவில்லை. "நல்லா நடிக்கறார்" என்று முணுமுணுத்தார்.

திறக்கும் வேலை என்னிடம் வந்தது. குட்ருன் ஒரு பேட்டரியை மூன்று நாளாகச் சிறிய பல்பில் இணைத்து, மின்சாரம் முழுவதையும் வடித்துக் கொண்டு வந்திருந்தார். கூடத்துக்கு வெளியே, மணல் வாளிக்குப் பக்கத்தில், தீயணைப்புத் தொண்டர் ஒருவர் குழாயோடு காத்து நிற்க, உறையை மெல்லப் பிரித்தேன். உள்ளே இருந்த பேட்டரி உறையைவிட ஒரு விரல்கடை குட்டையாக இருந்தது. மீதி இடத்தில் சாம்பல் நிற அட்டையை மடித்துச் செருகியிருந்தார்கள். அழகாக, அளவு பார்த்து வெட்டிய அட்டை.

எல்லோரும் லூடர்ஸைப் பார்த்தார்கள். அவர் அட்டையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. ஹென்னிங் தூக்கி வந்த அட்டைப்பெட்டியைக் காட்டி, "எல்லாக் கடிதமும் பில்லும் அதுலதான் இருக்கு. யார் வேணும்னாலும் படிங்க" என்றார்.

குட்ருன் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடத்தின் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மூன்று மணி நேரம். நாங்கள் வெளியே நின்றோம். மழை தூறியது. சாசேஜ் கருகியது.

அந்த இடைவெளியில் ஹென்னிங்கிடம் கேட்டேன். ஏன் அழித்தாய், யார் சொன்னார்கள்?

"ஒருத்தரும் சொல்லலை" என்றார். "லூடர்ஸ் அந்த எண்களைப் பாக்கவே இல்லை. அவரு அப்போ இணையத்தையே திறக்கறதில்லை. எட்டு வருஷத்துக்கு முன்னாடி இப்படித்தான் ஒரு மியூசிக் பிளேயர். போலந்துல, ஸ்டெட்டின் ஊர்ல ஒரு பையன் தனியா செஞ்சான். பக்கம் முழுக்கத் திருடன் திருடன்னு எழுதினோம். நானும் எழுதினேன். அவன் மாத்திரையை முழுங்கி ஆஸ்பத்திரியில கிடந்தான். பொழைச்சிட்டான், ஆனா அப்புறம் எதையும் செய்யலை. அதான் அழிச்சேன். தப்புதான். ஆனா வேற வழி தோணலை."

குட்ருனிடம் இதைச் சொல்லியிருக்கலாமே என்றேன். "அவங்க நம்பியிருப்பாங்களா?" என்று கேட்டார். 

குட்ருன் வெளியே வந்தபோது கையில் ஒரே ஒரு தாள். நாற்காலி மேல் ஏறி நின்றார். இல்லாவிட்டால் பின்னால் இருப்பவர்களுக்குத் தெரியாது.

"திருட்டு நடந்திருக்கு. செஞ்சது சரக்கை வாங்கிக் கொடுத்த இடைத்தரகன். ரெண்டாம் தவணைக்கு முன்னாடி அவன் ஒரு தாள் அனுப்பியிருக்கான். இதே பேட்டரி அல்லது இதற்கு நிகரானதுன்னு அதுல ஒரு வரி. திரு. லூடர்ஸ் கையெழுத்துப் போட்டிருக்கார். படிக்காம." தாளைத் தூக்கிக் காட்டினார். "முதல் தவணைக்கும் ரெண்டாம் தவணைக்கும் அவர் ஒரே விலைதான் கொடுத்திருக்கார். ஒரு சென்ட்கூட அவர் பக்கம் வரலை. நான் மூணு தடவை பார்த்தேன். மறைச்சு வெச்சிருப்பார்னு எதிர்பார்த்துத்தான் பார்த்தேன். இல்லை."

யாரோ கைதட்டத் தொடங்கினார்.

"கைதட்டாதீங்க!" என்று அதட்டினார். "திருடலைன்னுதான் சொன்னேன். நல்லா வேலை பார்த்தார்னு சொல்லலை. வந்த பேட்டரியை ஒரு தராசுல வெச்சிருந்தா இந்தக் கூத்தே இல்லை."

லூடர்ஸ், "ஆமா" என்றார். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எங்கள் குழுவைப் பற்றி நான் பெருமையாகச் சொல்லக்கூடியது. பணத்தைத் திருப்பிக் கொடு என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கடை அன்றே மூடியிருக்கும். மழை விடும்வரை இனி எந்தப் பேட்டரி என்று விவாதித்தோம். நமக்கென்று தனியாகச் செய்யும் மெல்லிய பேட்டரியை விட்டுவிடலாம், டார்ச் விளக்கிலும் பழைய மடிக்கணினியிலும் இருக்கும் உருளைப் பேட்டரி இரண்டைப் போடலாம், அது எந்த ஊரிலும் கிடைக்கும், எவனும் உள்ளே அட்டை செருக முடியாது என்றார் ஒருவர். அப்படிச் செய்தால் காடையின் தடிமன் ஒன்பது மில்லிமீட்டர் கூடும், எடையும் கொஞ்சம் ஏறும். காடை சட்டைப்பையிலேயே அடங்க வேண்டும் என்ற சட்டைப்பைக்காரர்கள் கொதித்தார்கள். கோட்டுப்பைக்காரர்கள் கேலி செய்தார்கள். "காடை கோழியாயிடும்டா!" என்று யாரோ கத்தினார்கள். இரண்டு அணியும் கலந்துவிட்டதை அப்போதுதான் கவனித்தேன். உருளைப் பேட்டரி ஜெயித்தது.

புதிய பின்மூடி வேண்டும். வீட்டில் பிளாஸ்டிக் அச்சு இயந்திரம் வைத்திருந்த பதினான்கு பேர் மூடிகளை அச்சிட்டு, மற்றவர்களுக்குத் தபாலில் அனுப்பினார்கள். இணைப்புக் கம்பிகளை நான் பற்றவைத்தேன். நூற்றுப் பத்து செட். நகோயாக்காரர் ஸ்பிரிங்குகளை அனுப்பினார். லூடர்ஸ் கடைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு அறை எடுத்து, விடுமுறைகளில் குட்ருன் வந்து தங்கினார். வரும் ஒவ்வொரு பேட்டரியையும் நிறுத்து, கிராமைக் கையால் எழுதி ஒட்டினார்.

ஹென்னிங் விஷயத்தை நான்தான் அவரிடம் சொன்னேன். முதலில் நம்பவில்லை. ஸ்டெட்டினில் அப்படி ஒரு பையன் இருந்தானா என்று பத்து நாள் தேடினார். இருந்தான். அவன் பெயரைக் கண்டுபிடித்து, அவனோடு போனில் பேசியும் விட்டார். மன்னிப்புக் கேட்பது அவருக்கு வராது, பழக்கமில்லை. பொதுப் பக்கத்தில், எல்லோரும் பார்க்கும்படி இரண்டு வாக்கியம் எழுதினார்: "திரு. ஓஸ்டர்லோவைப் பற்றி ஜனவரியில் நான் சொன்ன அளவு தவறு. திருத்திக்கொண்டேன்." ஹென்னிங் அதைப் படித்துவிட்டு, "இவ்வளவுதானா? பூவாவது அனுப்பக் கூடாதா?" என்று என்னிடம் புலம்பினார். ஆனாலும் அட்மின் வேலைக்குத் திரும்பி வந்தார். பட்டப்பெயரை மட்டும் விடவில்லை.

இடைத்தரகன் மேல் லூடர்ஸ் போட்ட வழக்கு இன்னும் நடக்கிறது. அவன் கடையை மூடிவிட்டு வேறு பெயரில் வேறெங்கோ இருக்கிறான் என்கிறார்கள். குட்ருன் தேடிக்கொண்டிருக்கிறார். கண்டுபிடித்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

போன வசந்தத்தில் மூன்றாம் தவணைக்கான பேட்டரிகள் வந்து இறங்கின. நானும் உதவிக்குப் போயிருந்தேன். குட்ருன் இப்போது பணி ஓய்வு பெற்றுவிட்டார். ஆனாலும் ஒவ்வொரு சரக்கிலும் ஒன்றை அறுத்துப் பார்க்காமல் உள்ளே விடுவதில்லை. லூடர்ஸ் காபி ஊற்றி வைத்துவிட்டு, மேல் பெட்டியைத் திறந்து ஒரு பேட்டரியை எடுத்து நீட்டினார்.

"இந்தா குட்ருன், இதை அறு."

குட்ருன் அதை வாங்கவில்லை.

"நீங்க எடுத்துக் குடுக்கறது வேண்டாம். எல்லாத்துக்கும் அடியில இருக்கற பெட்டியை இறக்குங்க."

லூடர்ஸ் என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, பதினெட்டுப் பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கத் தொடங்கினார். குட்ருன் பக்கத்தில் நின்று, அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.